துவைக்காத சட்டை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்குள் மூன்று தாள் வீணாகிவிட்டது. ஒன்றில் 'ஐயா' என்று எழுதினேன். இன்னொன்றில் 'அன்பரே' என்று எழுதி எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவதில் ஒன்றும் எழுத வராமல் கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சுகமாக இருக்கிறாயா? நாங்கள் சுகம்தான். பெரிய இஸ்திரிப் பெட்டிக்குத்தான் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை.

நான் உன் அக்கா. எங்களுக்குச் சலவைக்கடை. கீழே கடை, மேலே வீடு. அம்மா, நான், உன் அத்தான், மூன்றே பேர். கடைக்கு வருகிற தபாலை நான்தான் பிரிப்பது வழக்கம். மின்சாரக் கட்டணத்தோடு சேர்ந்து தத்து அலுவலகத்தின் உறையும் கிடந்தது. சிறு வயதில் வெளிநாட்டுக்குத் தத்துப் போன பையன் பெற்றவர்களைத் தேடுகிறான், விருப்பம் இருந்தால் இந்த முகவரிக்கு எழுதலாம் என்று போட்டிருந்தார்கள். கையில் இஸ்திரிப் பெட்டி இருந்ததையே மறந்து நின்றுவிட்டேன். அடியில் இருந்தது தலைமையாசிரியரின் வெள்ளைச் சட்டை. முதுகில் முக்கோணமாகத் தீய்ந்துவிட்டது. "இன்னும் காயல சார்" என்று அவரிடம் பத்து நாளாகப் புளுகிக்கொண்டிருக்கிறேன். உன்னால் வந்த முதல் சேதம் அது.

நீ போகும்போது எனக்கு ஐந்து வயது. பாப்பா இறந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். அப்பாவும் அதற்குச் சற்று முன்புதான் போயிருந்தார். அதனால் நானும் நம்பினேன். எனக்குப் பதினாறு வயதானபோது சித்திதான் உண்மையைச் சொன்னாள். எனக்குத் தெரியும் என்பது இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. இந்த வீட்டில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுவோம், உன்னைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம். நீ கிடைத்துவிட்டாய் என்று எடுத்த எடுப்பில் சொன்னால் தாங்கமாட்டாள். அதனால் தயவுசெய்து கடைக்கு எழுதாதே. பக்கத்து மூக்குக்கண்ணாடிக்கடையின் முகவரிக்கு எழுது. போனும் வேண்டாம். போன் மணி அடித்தால் அம்மாதான் பாய்ந்து எடுப்பாள்.

பதில் போடு. போடாமல் விட்டால் அக்காவுக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும்.

உன் அக்கா

&nbsp;

பிப்ரவரி 6

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். நீங்களும், அம்மாவும், அத்தானும், இஸ்திரிப் பெட்டியும் நலமா?

நான் நான்கு வருடமாகத் தமிழ் படிக்கிறேன். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் தமிழ் பேசுகிறவர். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் திருத்தினார். சிவப்பு மையில் அவ்வளவு திருத்தம் இருந்ததால் திரும்ப எழுதியிருக்கிறேன். இதில் பிழை இருந்தால் அது அவருடைய பிழை என்று எழுதச் சொன்னார்.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். திருமணம் ஆகவில்லை. என்னை வளர்த்த அம்மா பள்ளியில் பாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். என் வீட்டிலிருந்து மூன்று நிறுத்தம் தள்ளி இருக்கிறார். மிக நல்லவர். நான் உங்களைத் தேடுவதில் என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

நான் வந்தபோது என்னோடு வந்தது ஒரே ஒரு குழந்தைச் சட்டை. கழுத்துக்கு உள்ளே சிவப்பு நூலில் மூன்று தையல் இருக்கிறது. கிழிசலை யாரோ அவசரத்தில் தைத்திருக்கிறார்கள் என்று நினைத்து வளர்த்த அம்மா அதைப் பிரிக்க ஊசியை எடுத்தாராம். பிறகு என்ன தோன்றியதோ, அப்படியே விட்டுவிட்டார். அது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?

அக்கா, உங்கள் கடிதத்தை என் பேருந்து காலியான பிறகு, கடைசி நிறுத்தத்தில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து படித்தேன். ஓர் அக்கா இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. மிகவும் சந்தோஷமாக இருந்தது. ஹாரன் அடித்தேன்.

அம்மா எப்படி இருக்கிறார்? அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுங்கள்.

உங்கள் தம்பி

&nbsp;

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயிலும் சுகம், வேலையும் சுகம். துணி போட்ட கையோடு காய்ந்துவிடுகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

முதலில் ஒரு சண்டை. மதிப்புக்குரிய அக்காவாம், நீங்களாம், எழுதுங்களாம். நான் என்ன உன் பேருந்து நிறுவனத்தின் மேலதிகாரியா? இனிமேல் 'நீ' என்று எழுது. அந்த மருந்துக்கடைக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் நான்கு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறாராமே, சம்பளம் ஏதாவது வாங்குகிறாரா, இல்லை சும்மாவா? சும்மா என்றால் எனக்கு இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன.

இஸ்திரிப் பெட்டி குணமாகிவிட்டது. தலைமையாசிரியருக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தாயிற்று. "என் சட்டை இவ்வளவு வெள்ளையா இருந்ததே இல்லையேம்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அம்மா நன்றாக இருக்கிறாள்.

அந்தச் சிவப்புத் தையலைப் பிரிக்காதே. யாரையும் பிரிக்க விடாதே. அது என்ன என்று எழுதப் பார்த்தேன், முடியவில்லை. நேரில் சொல்கிறேன்.

எனக்கு ஒரு வேலை செய். நீ போட்டுக் கழற்றிய பழைய சட்டை ஒன்றை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு. புகைப்படத்தில் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது. ஒரு ஆளின் அழுக்குச் சட்டை பொய் சொல்லாது. எங்கள் தொழிலில் அதுதான் பாடம். அம்மா சொல்லிக்கொடுத்தது.

அன்புடன்,
அக்கா

&nbsp;

ஏப்ரல் 9

மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். சாப்பிட்டாயா?

தத்து அலுவலகத்திலிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. முன்பே ஒன்று அனுப்பினோம், கிடைத்ததா என்று கேட்டிருக்கிறார்கள். முதல் கடிதம் எங்கே தொலைந்ததோ. உன் அக்கா வீடு வீடாகத் துணி வாங்கப் போய்விட்டாள், அதனால் நான் பிரித்தேன். தெய்வச்செயல்.

உனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் அதிகம். நீ செத்துப்போனதாக நான் அவளிடம் சொல்லிவைத்தேன். அவள் இன்றும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். முப்பத்தாறு வருடம் நான் பொய் சொன்னது தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாளோ மாட்டாளோ. அவளுக்குத் தெரியக் கூடாது. தெரியவேண்டிய நேரத்தில் நானே சொல்கிறேன். எங்கள் கடைக்கு இடது பக்கம் ஒரு சாவிக்கடை இருக்கிறது. அந்த முகவரிக்கு எழுது. சாவிக்காரர் ஊமை மாதிரி இருப்பார், நம்பலாம்.

உன் அப்பா நீ வயிற்றில் இருக்கும்போது போனார். நீ பிறந்ததும் எனக்கு நுரையீரலில் நோய். ஆறு மாதம் தாங்கமாட்டேன் என்றார் மருத்துவர். பெரியவளை என் தங்கை எடுத்துக்கொண்டாள். அவளுக்கே மூன்று பிள்ளைகள், கைக்குழந்தையையும் சேர்த்துப் பார்க்க முடியாது என்று அழுதாள். நான் போன பிறகு உன்னை எங்கேயோ தள்ளுவதைவிட, கண் திறந்திருக்கும்போதே நல்ல கையில் கொடுக்கலாம் என்று கொடுத்தேன். அப்புறம் நான் பிழைத்துவிட்டேன். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை, அந்த மருத்துவர் உட்பட. எழுந்து நடக்க முடிந்த அன்றைக்கே போய்க் கேட்டேன். விமானம் ஏறிவிட்டான் என்றார்கள். பிழைத்ததற்காக அழுத ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதை விடு. நீ போட்ட சட்டை ஒன்று அனுப்பு. துவைத்துவிடாதே. என்ன வேலை பார்க்கிறாய் என்றும் எழுதாதே, சட்டை சொல்லும்.

அம்மா

&nbsp;

ஏப்ரல் 28

அன்புள்ள அம்மா,

சாப்பிட்டேன்.

நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், உடம்பு திடமாக இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா?

நல்ல கையில் கொடுக்கவேண்டும் என்று நினைத்தீர்கள். நல்ல கையில்தான் கொடுத்தீர்கள். எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. மழை நாளில் குடை, காய்ச்சலில் பக்கத்தில் ஆள், பிறந்தநாளில் பாட்டு, எல்லாம் இருந்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் பிழைத்ததற்கு நான் சந்தோஷப்படுகிறேன். அதனால் இனிமேல் நீங்கள் அழவேண்டாம்.

சட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, மிகவும் அழுக்கு.

என் குழந்தைச் சட்டையின் கழுத்தில் மூன்று சிவப்புத் தையல் இருக்கிறது. அது என்ன அம்மா?

அக்காவிடம் சொல்லமாட்டேன். வாக்குக் கொடுக்கிறேன். ஆனால் ஆகஸ்டில் விடுமுறைக்கு அங்கே வருகிறேன், அதற்குள் நீங்கள் சொல்லிவிட்டால் நல்லது. அக்கா கோபப்படமாட்டார் என்று எனக்கு ஏனோ தோன்றுகிறது.

உங்கள் மகன்

&nbsp;

மே 2

அன்புள்ள அக்கா,

நலமா? நான் நலம், தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு.

நீ கேட்ட சட்டை இதோ. துவைக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் உறையை மூடும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டார். சம்பளம் வாங்குகிறாரா என்ற உன் கேள்வியை அவரிடம் காட்டினேன். உடனே இருமல் மருந்தை அடுக்கப் போய்விட்டார்.

ஆகஸ்டில் எனக்கு விடுமுறை. பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். அக்கா, அம்மாவிடம் சொல்லிவிட்டால் என்ன? ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. அம்மாவின் நெஞ்சு நீ நினைப்பதைவிடப் பலமாக இருக்கலாம் அல்லவா? சும்மா ஒரு எண்ணம்தான்.

வேண்டாம் என்றால் வேண்டாம். வாக்கு வாக்குதான்.

அன்புடன்,
தம்பி

&nbsp;

ஜூன் 5

மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

சாப்பிட்டேன். இரண்டு வேளையும் சாப்பிட்டேன்.

சட்டை வந்தது. எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. என் அலமாரியை உன் அக்கா வாராவாரம் குடைவாள். கடைசியில், யாரும் வாங்க வராத கோட்டுகள் தொங்குகிற வரிசையில் பின்னால் மாட்டிவிட்டேன். சலவைக்கடையில் இன்னொரு சட்டையை யார் கவனிக்கப்போகிறார்கள்? காலையில் கடை திறந்ததும் போய்க் கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு வேலையைப் பார்க்கிறேன்.

இடது கை வெளுத்திருக்கிறது, வலது கையில் நிறம் போகவில்லை. இடது முழங்கை தேய்ந்திருக்கிறது. தோளிலிருந்து இடுப்புவரை பட்டை உரசிய தடம். நீ ஓட்டுநர். எண்ணெய்க் கறை இல்லை, அதனால் லாரி இல்லை. பையின் மேல் அட்டை குத்திய துளை, அதனால் பேருந்து. எங்கள் ஊர் ஓட்டுநர் சட்டைகளில் வலது கைதான் வெளுக்கும், உன் ஊரில் இடது பக்கம் உட்காருவார்கள் போல. காலரில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழுக்கு. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறாய். எனக்கு நிம்மதியாக இருந்தது.

நீ கேட்ட தையல். வாடிக்கைக்காரர் துணிக்கு எண்சீட்டு குத்துவோம். வீட்டுத் துணிக்குச் சீட்டு கிடையாது, கழுத்துக்குள் மூன்று சிவப்புத் தையல். எத்தனை துணியோடு கலந்தாலும் பிரித்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். உன்னைக் கொடுப்பதற்கு முன்னால் உன் சட்டையிலும் தைத்தேன். போகிற இடத்தில் அதைப் போடுவார்களோ எறிவார்களோ, ஆனாலும் தைத்தேன். நீ எங்கே இருந்தாலும் இந்த வீட்டுத் துணிதான்.

இந்தச் சட்டையில் இன்னும் தைக்கவில்லை. தைத்தால் யாருடையது என்று உன் அக்கா பிடித்துக்கொள்வாள்.

ஆகஸ்டில் வியாழக்கிழமை மதியம் வா. அவளைச் சோப்பு வாங்க அனுப்பிவிடுகிறேன். வாடிக்கைக்காரன் மாதிரி வந்து, சட்டை தொலைந்துவிட்டது என்று சொல். யாராவது பார்த்தாலும் சந்தேகம் வராது.

உன் அக்கா அடிக்கடி கண்ணாடிக்கடைக்குப் போகிறாள். கண் கெட்டுவிட்டது போலிருக்கிறது, என்னிடம் மறைக்கிறாள். பாவம்.

அம்மா

&nbsp;

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் சட்டை வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் உறையில் கட்டி, கஞ்சி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றிச் சட்டை சொன்னதைச் சொல்லட்டுமா? மூன்றாவது பொத்தான் வேறு நூலில், கோணலாகத் தைத்திருக்கிறது. அது உன் கைவேலை. ஐந்தாவது பொத்தான் அழகாக, முடிச்சு தெரியாமல் தைத்திருக்கிறது. அது உன் கைவேலை இல்லை. வளர்த்த அம்மாவா, மருந்துக்கடையா? உண்மையைச் சொல்.

வருவதற்கு ஒரு வழி யோசித்துவிட்டேன். ஆகஸ்டில் வியாழக்கிழமை மதியம் வா. அன்றைக்குச் சோப்பு வாங்கப் போகச் சொல்லி அம்மா இப்போதே பிடிவாதம் பிடிக்கிறாள். நான் போவதுபோல் போய் உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். புது வாடிக்கைக்காரர் என்று சொல்லி அம்மா முன்னால் நிறுத்துகிறேன். உன் முகத்தைப் பார்த்துப் பழகட்டும். பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அம்மாவை நினைத்தால் கொஞ்சம் கவலையாகவும் இருக்கிறது. காலையில் எழுந்ததும் நேராகக் கோட்டு வரிசைக்குப் போகிறாள். வரும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருகிறாள். அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. சாவிக்கடைக்கு இந்த மாதம் நான்கு தடவை போய்வந்தாள். இந்த வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு பூட்டு. "வயசாயிடுச்சு, விடு" என்கிறார் உன் அத்தான். மருத்துவரிடம் கூட்டிப்போகலாமா என்று பார்க்கிறேன்.

நீ ஏன் ஒரு மாதமாக எழுதவில்லை? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அக்கா

&nbsp;

ஜூலை 11

கள்ளத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. நீ எப்படி இருந்தால் எனக்கென்ன.

செவ்வாய்க்கிழமை கோட்டு வரிசையை ஒழுங்கு செய்தேன். பின்னால் ஒரு சட்டை. எண்சீட்டும் இல்லை, சிவப்புத் தையலும் இல்லை. எங்கள் கடையில் அப்படி ஒன்று கிடைத்தால் ஒரே பழக்கம்தான். சீட்டு விழுந்துவிட்டது, சட்டைக்காரர் வந்து கத்தப்போகிறார், முதலில் துவை, பிறகு தேடு. துவைத்தேன். நல்ல அழுக்கு, இரண்டு அலசு அலசினேன். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, முன்னால் மாட்டினேன்.

அம்மா வந்தாள். கோட்டு வரிசைக்குப் போனாள். திரும்பி வந்து முன்னால் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். அப்படியே துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி அதத் துவைச்சே?"

"சலவைக்கடையில சட்டையத் துவைக்காம வேற என்னம்மா பண்ணுவாங்க?"

அம்மா எழுந்துபோய்ச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். "சோப்புதான் மணக்குது" என்றாள். தம்பி, அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அப்பா போனபோது அழுதிருப்பாள், அப்போது எனக்கு விவரம் தெரியாது. அன்றைக்குக் கடைக்கு நடுவில் நின்று, சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டையைப் பார்த்தேன். இடது கை வெளுத்திருந்தது. எங்கள் கடைக்கு வரும் சட்டைகளில் இடது கை வெளுத்த சட்டை கிடையாது. ஒன்றே ஒன்று உண்டு. அது கஞ்சி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

போய் எடுத்துவந்து, உறையைப் பிரித்து, அம்மா மடியில் வைத்தேன். "இது துவைக்காதது" என்றேன்.

அம்மா கையைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள், காலரைத் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பிறகு தலையைத் தூக்கி, "இது உனக்கு எப்படிடீ வந்துச்சு?" என்றாள்.

"உனக்கு எப்படி வந்துச்சு?"

"பாப்பா செத்துப்போச்சுன்னு உங்கிட்ட சொன்னேனே."

"எனக்குப் பதினாறு வயசுலயே சித்தி எல்லாத்தையும் சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீ அழுவியோன்னுதான்."

"நான் அழுதுக்கிட்டுத்தான்டி இருந்தேன். நீ பாக்காதப்ப."

அதற்குப் பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. நான் கண்ணாடிக்கடையைச் சொல்ல, அவள் சாவிக்கடையைச் சொல்ல, வியாழக்கிழமைச் சோப்பைச் சொல்ல, துணி மூட்டை சரிந்து இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து சிரித்தோம். அப்போதுதான் தபால்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடுச்சா? அப்பாடா. ஒரே கையெழுத்து, ஒரே ஊரு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு போட்டுப் போட்டு எனக்கே பைத்தியம் பிடிச்சிடும் போல ஆயிடுச்சு. இனிமேலாவது நடுக் கதவுல போடலாமா?" என்றார். அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. இரண்டு பேரிடமும் வாக்குக் கொடுத்து இரண்டையும் காப்பாற்றினாயே, உன்னை என்ன செய்தால் தகும்?

சுகமாக இருக்கிறாயா?

அக்கா

பின்குறிப்பு, அம்மா எழுதுவது: வியாழக்கிழமை வேண்டாம். எந்தக் கிழமையானாலும் வா. முன்வாசல் வழியாக வா. வரும்போது போட்டிருக்கும் சட்டையை வழியில் மாற்றிவிடாதே.

&nbsp;

செப்டம்பர் 7

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். அம்மா, நீ கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், வேலைக்கும் போய்விட்டேன். பேருந்தில் எல்லோரும், என்ன, சட்டை இப்படி மொடமொடவென்று நிற்கிறது என்று கேட்கிறார்கள். அக்கா, அடுத்த தடவை கஞ்சியைக் கொஞ்சம் குறை.

இருபது மணி நேரப் பயணச் சட்டையோடு கடை வாசலில் வந்து நின்றேனே, அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். வழி முழுக்க, முதலில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். மருந்துக்கடைக்காரர் ஒரு பக்கம் எழுதியே கொடுத்திருந்தார். அம்மா, நீ மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாய். எல்லா வாடிக்கைக்காரரையும் கேட்கிற மாதிரி, "எத்தனை உருப்படி?" என்று கேட்டாய். நான் "ஒண்ணுதான்மா" என்றேன். எழுதி வைத்திருந்த பக்கத்தில் அது இல்லை. அதற்குப் பிறகு நீ மேசையைச் சுற்றி வந்த வேகத்தில் ரசீதுக் கட்டெல்லாம் பறந்தது. அத்தான் அதைப் பொறுக்கிக்கொண்டே அழுதார். தனக்குத் தூசி ஒத்துக்கொள்வதில்லை என்று மூன்று வாரமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்றுதான் பெட்டியை முழுதாகப் பிரித்தேன். நான் கொண்டுவந்த எல்லாத் துணியையும் துவைத்து அடுக்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு சட்டையாகக் காலரைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று, மூன்று, மூன்று. சில அம்மாவின் கை, சில அக்காவின் கை. இப்போது எனக்குப் பார்த்தால் தெரிகிறது. பயணச் சட்டை மட்டும் பெட்டியில் இல்லை. அது எங்கே என்று கேட்கப்போவதில்லை.

அடியில் ஒரு சிவப்பு நூல்கண்டும் இருந்தது. யாருக்கு என்று நீ சொல்லவில்லை, அம்மா. மருந்துக்கடைக்காரர் இந்தக் கடிதத்தில் எல்லா வரியையும் திருத்தினார், இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டுத் தொடாமல் விட்டுவிட்டார். நூல்கண்டு இப்போது அவர் மேசை மேல் இருக்கிறது. அக்கா, சிரிக்காதே.

இன்னொரு விஷயம். விமானத்தில் குளிரும் என்று வளர்த்த அம்மா தன்னுடைய சாம்பல் ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பியிருந்தார் அல்லவா? அதையும் துவைத்து, நிழலில் காயவைத்து, தாளில் சுற்றி வைத்திருந்தீர்கள். இன்று காலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். பிடரியில் ஏதோ உறுத்துகிறது என்று கழற்றி, கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். மூன்று சிவப்புத் தையல்.

முன்பு ஒருமுறை ஊசியை எடுத்துவிட்டுப் பிரிக்காமல் விட்டவர் அவர். அதனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அர்த்தம் கேட்டார். சொன்னேன். வீட்டுத் துணிக்கு மட்டும்தான் போடுவார்கள், எத்தனை துணியோடு கலந்தாலும் பிரித்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவதற்காக என்று சொன்னேன். அவர் ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.

மாலையில் போனபோதும் அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். காபி சிந்தியிருந்தது. துவைக்கப் போடட்டுமா என்று கேட்டேன். கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேண்டாமாம். துவைத்தால் உங்கள் வீட்டு வாசனை போய்விடுமாம்.

உன் மகன்,
உன் தம்பி